தெருவில் மாடு விட்டால் ரூ.10,000 அபராதம்: மயிலாப்பூர் மாடுகள் எங்கே போகும்?

கபாலீஸ்வரர் கோயில் மாட வீதியில் மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுத்துக் கும்பிடுவார்கள். அதே மாடு பத்து நிமிஷம் கழித்து நடுரோட்டில் படுத்துவிட்டால், மாநகராட்சிக்குப் புகார் போகும். சென்னைக்கும் மாட்டுக்குமான உறவு இப்படித்தான் இருக்கிறது.

2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளி முடிந்து வந்த சிறுமியை மாடு முட்டித் தூக்கிய சிசிடிவி காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது. அடுத்த இரண்டே மாதத்தில் திருவல்லிக்கேணியில் மாடு முட்டி முதியவர் ஒருவர் உயிரிழந்தார். அபராதம் ரூ.2,000-லிருந்து ரூ.5,000 ஆனது. 2024 ஜூலையில் அதுவும் ரூ.10,000 ஆனது, இரண்டாவது முறை பிடிபட்டால் ரூ.15,000. அப்படியும் மாடுகள் தெருவில்தான் நிற்கின்றன.

ஏன்?

கணக்கு எளிது. விடியற்காலையில் ஒரு கறவை, மாலையில் ஒரு கறவை. இடைப்பட்ட நேரத்தில் மாட்டைக் கட்டிப்போட இடம் வேண்டும், தீவனமும் வேண்டும். மயிலாப்பூர் சந்துகளில் வாடகை வீட்டில் இருப்பவருக்கு இரண்டுமே கிடையாது. தவிடு, புண்ணாக்கு விலை ஒருபக்கம். அவிழ்த்துவிட்டால் மாடு தானாக மேய்ந்துவிட்டு வரும். மேய்வது என்னவோ குப்பைத்தொட்டியில், பிளாஸ்டிக்கோடு சேர்த்து. அந்தப் பால்தான் மறுநாள் பக்கத்துத் தெருவுக்கு வருகிறது என்பதைப் பற்றி நாம் பெரிதாகப் பேசுவதில்லை.

சட்டம் புதிதல்ல. நகர்ப்புறங்களில் விலங்குகள், பறவைகள் வளர்ப்பதை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாடு சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் நகரத்தில் மாடு வளர்க்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

மாடுகளுக்குத் தனி இடம் என்ற யோசனையும் பழசுதான். நகரத்து மாடுகளுக்காக அரை நூற்றாண்டுக்கு முன்பே உருவானது மாதவரம் பால்பண்ணை. இப்போது கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. அதாவது, மாட்டைப் படிக்கும் இடம் ஊரின் வடக்கு ஓரத்தில்; மாடு இருக்கும் தெருக்களோ மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில்.

ஒரு காலத்தில் நிலைமை வேறு. தி.நகர் என்று ஒன்று உருவாவதற்கு முன்பே, அடையாற்றை ஒட்டிய சைதாப்பேட்டையில் 1868-ல் வேளாண் பள்ளி தொடங்கப்பட்டது. அதுதான் 1906-ல் கோவைக்கு இடம்பெயர்ந்து, இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1903-ல் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. விவசாயப் படிப்பு தென்சென்னையில் பிறந்தது என்று சொன்னால், இன்றைக்கு அடையாறு பள்ளி மாணவர்கள் எத்தனை பேர் நம்புவார்கள்? அவர்களுக்குப் பால் என்றால் ஆவின் பாக்கெட். மாடு என்றால் டிராஃபிக் ஜாம்.

இப்போது மாநகராட்சி மண்டலவாரியாக மாட்டுக் கொட்டகைகள் கட்டும் திட்டத்தைக் கையில் எடுத்திருக்கிறது. அபராதத்தை விட இது உருப்படியான யோசனை. ஆனால் ஒரு சிக்கல்: நான்கு மணிக்குப் பால் கறந்து, ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் ஊற்ற வேண்டியவருக்கு, கொட்டகை சைக்கிள் போகும் தூரத்தில் இருந்தாகணும். மயிலாப்பூரில் காலி மனை விலை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். இடம் கிடைத்தாலும் பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் "நாத்தம் அடிக்குது" என்று மனு கொடுக்க மாட்டார்களா?

கொட்டகை வந்து, சாணியை உரமாக்கி, கால்நடை மருத்துவர் வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்து, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் வந்து கறவையைப் பார்க்க வழி செய்தால், உரிமம் என்பது வெறும் காகிதமாக இருக்காது. அது வரும்வரை பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்டிய மாட்டுக்காரர், மாட்டை மீட்டுக்கொண்டு போவதும் அதே சந்துக்குத்தான்.