வசனமும் வாசலும்

நாள்தோறும் காலையில் கைப்பேசியைத் திறந்தவுடன் விவிலிய வசனம் ஒன்று நம்மை எதிர்கொள்கிறது. பின்னணியில் ஒரு மலர். இன்றேல், கதிரவன் எழும் கடற்கரை. புலனத்தில் வருகிறது, முகநூலிலும் வருகிறது. கற்றவர் சிலர் இதனைக் கண்டு நகைக்கின்றனர். முழு நூலையும் கற்கச் சோம்பல் கொண்டோர்க்கு ஏற்ற நொறுக்குத் தீனி இது என்பது அவர்தம் கூற்று. வேறு சிலரோ, வந்ததை வந்தவாறே பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, அன்றைய அறம் முடிந்ததென அமைதி கொள்கின்றனர். இவ்விரு சாராரோடும் வழக்காடவே இக்கட்டுரை.

முதற்கண் நகைப்போரை நோக்குவோம். தமிழாசிரியர்களாகிய நாம் வகுப்பறைக் கரும்பலகையில் நாளுக்கொரு குறள் எழுதுகின்றோமே, அது நொறுக்குத் தீனியா? 1330 குறளையும் ஒருங்கே கற்பிக்க இயலாது என்பதனால் ஒன்றையும் கற்பிக்காது விடுகின்றோமா? ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒன்பதிற்குச் செல்வதே கல்வியின் வழி. அன்றியும், பள்ளிப் படிப்பு முடிந்தபின் தமிழைக் கண்ணாலும் காணாத நம் இளைஞர் பலர்க்கு, பாட்டி அனுப்பும் அவ்வொரு வசனமே அன்றைக்குப் படிக்கக் கிடைக்கும் ஒரே தமிழாக இருத்தல் கூடும். அதனை இகழ்வது அறிவுடைமையாகாது.

இவ்வழக்கம் கைப்பேசி ஈன்ற குழந்தையும் அன்று. ஜெர்மனி நாட்டுச் சாக்சனிப் பகுதியில் எர்ன்கூட் என்றொரு சிற்றூர் உண்டு. தம் நாட்டில் துன்புறுத்தப்பட்டு அங்கே அடைக்கலம் புகுந்த மொராவியச் சகோதரர்க்கு, 1728ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், சின்சென்டார்ஃப் பிரபு மறுநாளைக்குரிய சிறு வாசகம் ஒன்றை வழங்கினார். அன்று தொடங்கிய வழக்கம் 1731 முதல் ஆண்டுதோறும் நூலாகவே அச்சாகி வருகிறது. ஆயின், அத்தொடக்க நாள்களில் அவ்வாசகம் வீடுகளைச் சென்றடைந்த முறையைக் கருதுக. சகோதரர் ஒருவர் அதனை ஏந்தி வாசல் வாசலாகச் சென்றார். வசனத்தைச் சொன்னார், அவ்வில்லத்தாரின் நலத்தையும் கேட்டறிந்தார். வசனம் சென்ற இடமெல்லாம் ஒரு மனிதரும் சென்றார் என்பதே இங்கு நாம் உளங்கொள்ள வேண்டுவது.

இனி, அனுப்புவோரிடம் வருவோம். என் உறவினர் ஒருவர் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்த தொழிற்சாலை ஒருநாள் மூடப்பட்டது. மறுநாட் காலை அவர்தம் கைப்பேசிக்குப் பதினொரு பேரிடமிருந்து ஒரே வசனம் வந்தது. எரேமியா நூலின் 29ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். தீமையையன்று, நன்மையையே இறைவன் எண்ணியிருக்கிறார் என்னும் ஆறுதல் மொழி அது. பதினொருவருள் ஒருவரும் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒருவரும், ‘இம்மாத வாடகைக்கு என்ன செய்வாய்?’ என்று வினவவில்லை.

அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். அனுப்பிய வசனத்தை அவர்கள் படிக்கவில்லை, அவ்வளவே. படித்திருப்பின் கைப்பேசியை வைத்துவிட்டுக் காலணியைத் தேடியிருப்பர்.

அவ்வதிகாரம் கூறுவதென்ன? கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதிய மடல் அது. எருசலேமிலிருந்து தூதர் இருவர் அதனைக் கையிற் கொண்டு சென்றனர். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் வைத்து அதன் பலனை உண்ணுங்கள், நீங்கள் வாழும் நகரத்தின் நலனை நாடுங்கள் என்று அம்மடல் அறிவுறுத்துகிறது. விடுதலைக்கு எழுபது ஆண்டுகள் ஆகும் என்று 10ஆம் வசனம் ஒளிவுமறைவின்றி உரைக்கிறது. அதன் பின்னரே 11ஆம் வசனத்தின் ஆறுதல் வருகிறது. ஈண்டு இலக்கணமும் சான்று பகரும். தனியொருவனைத் தமிழ் விவிலியம் ‘நீ’ என்றோ ‘நீர்’ என்றோ விளிக்கும். இங்கோ ‘உங்கள்’ என்கிறது. தனிமனிதன் ஒருவனுக்கு விரைந்து வரும் நற்பேறன்று அது. ஒரு மக்களினம் ஒன்றையொன்று தாங்கி நெடுங்காலம் பொறுத்துப் பெறவேண்டிய நன்மை.

அதற்கு முந்திய 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்பவன் வருகிறான். ‘ஈராண்டில் எல்லாம் சரியாகிவிடும்’ என்று இனிக்க இனிக்கச் சொன்னவன் அவன். அவனைப் பொய்யன் என்றே அந்நூல் தள்ளுகிறது. நாமோ எழுபது ஆண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு ஆறுதலை மட்டும் அனுப்புகின்றோம். அப்போது எரேமியாவின் பெயரால் அனனியாவின் சொல்லையன்றோ வழங்குகின்றோம்? வசனம் பொய்யாகவில்லை, நம் கத்தரிக்கோலே அதனைப் பொய்யாக்கிற்று.

தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார் சீகன்பால்கு. பழைய ஏற்பாட்டை முடிக்குமுன் 1719இல் அவர் மறைந்தார். எஞ்சியதைப் பின்வந்தோர் நிறைவு செய்தனர். தமிழர் கையில் முழு நூலும் சேரவேண்டும் என்பதற்காகவே அவ்வுழைப்பெல்லாம். அந்நூல் இன்று அதே கைப்பேசியில் முழுமையாக உள்ளது. ஓர் அதிகாரத்தைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். அவ்வைந்து நிமிடத்தையும் மறுத்துவிட்டு, நேரமில்லை என்பது எங்ஙனம் பொருந்தும்?

என் உறவினரின் கதைக்கு முடிவொன்று உண்டு. மூன்றாம் நாள் மாலை, அதே தெருவில் வாழும் மூதாட்டி ஒருவர் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்தார். அவருக்கும் அவ்வசனம் வந்திருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, அவ்வதிகாரம் முழுவதையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘தம்பி, எழுபது வருசம்னு போட்டிருக்கு. அதுக்கு முன்னாடி தோட்டம் போடச் சொல்லியிருக்கு. நாளைக்குக் காலையில என் மகன்கிட்ட உனக்கு வேலை கேட்கிறேன்’ என்றார். வசனத்தைப் படித்தவர் அவர் ஒருவரே.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! நீங்கள் எச்சமயத்தவராயினும் ஆகுக. நாளுக்கொரு வசனம் வருமாயின் அதனை இகழாதீர்கள். குறளாயினும் விவிலியமாயினும், முன்னும் பின்னும் உள்ளவற்றோடு சேர்த்துப் படியுங்கள். அதன் பொருளை உங்கள் சொந்தத் தமிழில் ஒரு வரியேனும் எழுதிய பின்னரே பிறர்க்கு அனுப்புங்கள். அனுப்பியதோடு நில்லாது, துன்புற்றவர் வாசலுக்கும் ஒருமுறை செல்லுங்கள். விரல் நுனியில் முடிந்துபோகும் வசனத்தால் பயனில்லை. காலை எழுப்பி நடத்தும் வசனமே படிக்கப்பட்ட வசனம்.