‘வேண்டாம்’ என்று சொல்லும் பட்டறையைத் தேடுங்கள்



கல்வியைப் பற்றி எழுதும் பக்கத்தில் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காலையில் நம் பள்ளி வாசலில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். தஞ்சோங் காராங் வட்டாரத்தில் பிள்ளைகளை ஏற்றிவரும் வண்டிகளில் ஹைலக்ஸ், டிமேக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர் ஆகியவை கணிசமானவை. அவற்றுள் பல, கடையிலிருந்து வந்த கோலத்தில் இல்லை. முன்னே இரும்புத் தடுப்பு, கூரையில் விளக்கு வரிசை, உயர்த்தப்பட்ட உடல், பெருத்த டயர். இவற்றைப் பொருத்தியவர் யார், எப்படிப் பொருத்தினார் என்பது, உள்ளே அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் வெளியே சாலையைக் கடக்கும் பிள்ளைக்கும் உயிர் தொடர்பான கேள்வி. ஆகவேதான் எழுதுகிறேன்.

இது ஆடம்பரம் அன்று

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இத்தகைய வண்டி வைத்திருப்போரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நம் வட்டாரத்தின் மண் அப்படிப்பட்டது. கடலோரம் களிமண், உள்ளே போகப் போகக் கரிச்சதுப்பு நிலம். சாவா செம்பாடான், சுங்கை பூரோங் பக்கம் வயல் வாய்க்கால் ஓரத்துப் பாதை ஒரு மழைக்கே வழுக்கத் தொடங்கும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில், குலை ஏற்றும் லோரிகள் கிழித்த பள்ளத்தில் சாதாரண மகிழுந்தின் அடிவயிறு தட்டும். 1948ஆம் ஆண்டில் அறிமுகமான லேண்ட் ரோவர் வண்டியைத் தோட்டத் துரைமார் ஓட்டக் கண்டு வளர்ந்தவர்கள் நம் பெற்றோர். அன்று துரையின் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற குடும்பத்தில் பிறந்தவர், இன்று சொந்தமாக ஒரு நான்கு சக்கர இயக்க வண்டி வாங்கிக் குத்தகைத் தொழில் செய்கிறார் என்றால் அது மகிழத்தக்க வளர்ச்சியே.

இளைஞர்களின் ஆசையும் புரிந்துகொள்ளக் கூடியதே. 1993இல் சபாவில் கேமல் டிராஃபி பயணம் நடந்தது. 1997 முதல் நம் நாட்டு மழைக்காடுகளில் ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’ போட்டி நடத்தப்பட்டது. சேற்றில் மூழ்கி எழும் அவ்வண்டிகளின் படங்களைப் பார்க்கும் இளைஞனுக்குத் தன் வண்டியும் அப்படி இருக்கவேண்டும் என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் அப்போட்டி வண்டி, திங்கட்கிழமை காலை ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதில்லை. நம் வண்டி போகிறது. வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

பொருத்துவது எளிது, பொறுப்பு பெரிது

உதிரிப் பொருள்களை இன்று இணையத்தில் எவரும் வாங்கலாம். பொருளின் தரம் பாதி என்றால், பொருத்தும் கை மீதிப் பாதி. சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். நாம் வகுப்பில் கற்பிக்கும் அறிவியலும் கணிதமுமே இவற்றை விளக்கப் போதும்.

விளக்கு வரிசை: 12 வோல்ட் மின்கலத்தில் 240 வாட் விளக்கு எரிந்தால் 20 ஆம்பியர் மின்சாரம் பாயும். அதற்கேற்ற தடித்த கம்பி, ரிலே, மின்கலத்திற்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். நான் அறிந்த ஒரு தந்தையின் வண்டியில் மெல்லிய கம்பியை நேராகச் சுவிட்சில் இணைத்திருந்தார்கள். “ஆசிரியர், பிளாஸ்டிக் கருகுற வாசனை வந்துச்சு, பின்னாடி ரெண்டு பிள்ளைங்க” என்று அவர் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. கடையின் பெயர் இங்கு வேண்டா. ஒரு ஃபியூஸின் விலை ஒரு கோப்பைத் தே தாரிக்கின் விலையைவிட அதிகமில்லை என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

பெரிய டயர்: 265/65 அளவுள்ள 17 அங்குல டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். அதே சக்கரத்தில் 285/70 டயரை மாட்டினால் விட்டம் 831 மில்லிமீட்டர் ஆகிறது. சுற்றளவு 7 விழுக்காடு கூடுவதால், வேகமானியின் முள் 100 காட்டும்போது வண்டி அதற்கு முன் ஓடியதைவிட 7 விழுக்காடு கூடுதல் வேகத்தில் ஓடும். ஆறாம் ஆண்டு மாணவர் போடும் கணக்கு இது. பட்டறைக்காரர் இதை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாவா?

உடலை உயர்த்துதல்: இரண்டு அங்குலம் உயர்த்தினால் வண்டியின் ஈர்ப்பு மையமும் உயர்கிறது, வளைவில் சாயும் இயல்பு கூடுகிறது. முன் அச்சின் இணைப்புகள் சாய்ந்த கோணத்தில் சுழல்வதால் விரைவில் தேய்கின்றன. நிறுத்துக் குழாய்களின் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். சக்கரச் சீரமைப்பையும் முகப்பு விளக்கின் கோணத்தையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். பின்னதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதன் விளைவை இரவில் எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவர் கண் கூச அனுபவிக்கிறார்.

வின்ச் எனும் இழுவை எந்திரம்: வண்டியின் மொத்த எடையில் குறைந்தது ஒன்றரை மடங்கு இழுதிறன் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அந்த இழுதிறனும் உருளையில் முதல் சுற்று மட்டும் எஞ்சியிருக்கும்போது கிடைப்பது; சுற்றுகள் கூடக் கூட வலிமை குறையும். முழுச் சுமையில் அது 400 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கக்கூடும். களிமண்ணின் பிடியில் சிக்கிய வண்டியை இழுக்கும்போது கம்பி வடம் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். இழுவைப் பந்தில் வடத்தை மாட்டி, பந்து உடைந்து பறந்து ஆளைக் கொன்ற விபத்துகள் வெளிநாடுகளில் நடந்துள்ளன. உடற்சட்டத்தில் முறையாகப் பொருத்தப்பட்ட மீட்புக் கொக்கியே இதற்கு உரியது. வின்சை விற்றுவிட்டு, பயன்படுத்தும் முறையைக் கற்றுத்தராமல் அனுப்பும் கடை, கத்தியைக் குழந்தையின் கையில் கொடுத்தனுப்புவதற்கு ஒப்பாகும்.

முன் இரும்புத் தடுப்பு: ஆசிரியர் என்ற முறையில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுவே. உயர்த்தப்பட்ட வண்டியின் முகப்பு, முதலாம் ஆண்டு மாணவனின் தலையளவுக்கு நிற்கிறது. வண்டிக்கு நேர் முன்னே நிற்கும் அவனை ஓட்டுநரால் பார்க்க முடிவதில்லை. மோதினால் வளைந்து கொடுக்காத இரும்பு நேராக அவன் மீது படும். ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டிலேயே இத்தகைய முன் தடுப்புகளுக்குப் பாதசாரிப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கும் நெறிமுறையை வெளியிட்டது. போதாக்குறைக்கு, பொருந்தாத தடுப்பு காற்றுப் பையின் உணரிகளையும் குழப்பக்கூடும். காட்டுப் பன்றியை எண்ணிப் பொருத்துகிறோம். பள்ளி வாசலை எண்ணுவதில்லை.

‘நம்ம ஆள்’ என்பது போதுமா?

நம் மக்கள் பட்டறையைத் தேர்ந்தெடுக்கும் முறையை நான் கவனித்திருக்கிறேன். “நம்ம ஆள் கடை”, “மாமா மகன் வேலை செய்யும் இடம்”, “விலை குறைவு” என்ற மூன்று காரணங்களே பெரும்பாலும் சொல்லப்படுகின்றன. உறவும் இனமும் அன்பிற்கு உரியவை. ஆனால் மின்கம்பியின் தடிமனை அவை கூட்டுவதில்லை. நம் வட்டாரத்தில் சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகிய மூவரும் பட்டறை நடத்துகின்றனர். மூவரிலும் கைதேர்ந்தவர் உண்டு; மூவரிலும் அவசரக்காரர் உண்டு. ஒருவரை நம்புமுன் ஆராய வேண்டும் என்பதற்காகவே வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார்.

கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போனால்தான் நல்ல வேலை நடக்கும் என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு. நான் உள்ளூர்க் கடையையே விரும்புகிறேன். காரணம், பொருத்துவது ஒரு நாள் வேலையன்று. சக்கர நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி முறுக்கிச் சரிபார்க்க வேண்டும். வில், அதிர்வு தாங்கிகளின் மரைகளைச் சில வாரம் ஓடியபின் மீண்டும் பார்க்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு முறையும் எவர் கிள்ளான் வரை போவார்? அதோடு, உள்ளூர்க் கடைக்காரர் அதே சந்தையில், அதே கோயிலில், அதே சாப்பாட்டுக் கடையில் நம் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அந்த நாணமே ஒருவகை உத்தரவாதம்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

1. நான் இந்த வண்டியை எதற்குப் பயன்படுத்துகிறேன் என்று அவர் முதலில் கேட்டாரா? கேட்காமலே விலைப்பட்டியலை நீட்டினால் வேறு கடை பாருங்கள்.

2. இந்த மாற்றத்தைச் சட்டம் அனுமதிக்கிறதா? 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959ஆம் ஆண்டு மோட்டார் வாகனக் கட்டமைப்பு, பயன்பாட்டு விதிகளும் நடப்பில் உள்ளன. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலும் பரிசோதனையும் தேவைப்படும். “எல்லாரும் போடுறாங்க, ஒன்னும் ஆகாது” என்பது விடையாகாது.

3. காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவித்தீர்களா? சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப்பின் இழப்பீட்டில் சிக்கலை உண்டாக்கும்.

4. முறுக்குவிசை அளக்கும் ஸ்பேனர் பட்டறையில் உள்ளதா? கைக்கணக்கு எப்போதும் சரியாக இராது.

5. செய்யப்பட்ட வேலையும் பொருளும் தனித்தனியே எழுதப்பட்ட இரசீது தருவாரா? மறு பரிசோதனைக்கு நாள் குறிப்பாரா?

6. எதையேனும் ‘வேண்டாம்’ என்று சொன்னாரா?

ஆறாவது கேள்வியே தலையாயது என்பது என் கருத்து. விற்றால் இலாபம் என்று தெரிந்தும், “உங்கள் பாதைக்கு இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டியதில்லை; நல்ல டயரும் சேறு தடுப்பும் இரண்டு மீட்புக் கொக்கியும் போதும்” என்று சொல்பவர், உங்கள் பணப்பையைவிட உங்கள் பிள்ளையைப் பெரிதாக எண்ணுகிறார். அவரைக் கைவிடாதீர்கள். அவர் பத்து வெள்ளி கூடுதலாகக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுங்கள். நேர்மைக்கு விலை தராத ஊரில் நேர்மையான கடை நிலைக்காது.

ஏமாற்றப்பட்டால் முணுமுணுத்துவிட்டு விடுவது நம் வழக்கம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இயங்குகிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இன்றியே அங்கு முன்வைக்கலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. இரசீதைப் பத்திரப்படுத்துங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான்.

பட்டறையில் நிற்பவனும் நம் மாணவன்தான்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டறைகளில் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் இளைஞர்கள் யார்? பலர் நம் தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்கள். ‘படிப்பு வரவில்லை, பட்டறைக்குப் போனான்’ என்று நாமே அவர்களைத் தாழ்த்திப் பேசுகிறோம். பிறகு அதே கையை நம்பி நம் பிள்ளையின் உயிரை ஒப்படைக்கிறோம். இது எவ்வகை நியாயம்?

அத்தொழிலுக்கு அறிவு வேண்டும். பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்படி மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளிலும், அதற்குமேல் திறன் டிப்ளோமாவும் உயர்நிலை டிப்ளோமாவும் வழங்கப்படுகின்றன. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் தம் அனுபவத்தைச் சான்றாகக் காட்டியும் சான்றிதழ் பெற வழியுண்டு. பட்டறையில் பத்தாண்டு உழைத்தும் கையில் ஒரு தாளின்றி நிற்கும் முன்னாள் மாணவரைக் காணும்போது, ஆசிரியர்களே, இதை அவரிடம் சொல்லுங்கள். பெற்றோர்களே, கருவிகளைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளையைத் திட்டாமல், ஏன் பிரித்தாய், என்ன கண்டாய் என்று கேளுங்கள். சரியாகப் பொருத்தத் தெரிந்ததோடு, தவறானதைப் பொருத்த மறுக்கவும் தெரிந்த ஒரு தலைமுறை நமக்குத் தேவை.

நிறைவாக ஒரு வேண்டுகோள். எவ்வளவு நல்ல வண்டியானாலும், எவ்வளவு குறுகிய தூரமானாலும், பிள்ளைகளைப் பின்தட்டில் ஏற்றி வராதீர்கள். பள்ளி வாசலுக்கு நேர் எதிரே உயர்ந்த வண்டியை நிறுத்தாமல் சற்றுத் தள்ளி நிறுத்தி, பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். வண்டியை நகர்த்துமுன் ஒருமுறை இறங்கி முன்னேயும் பின்னேயும் பாருங்கள். அதைச் செய்ய எந்தக் கடைக்கும் போக வேண்டியதில்லை.