விதியின் மேல் பழி போடாதீர்!

2016 மார்ச் 31 அன்று நண்பகலில், நம் கொல்கத்தாவின் விவேகானந்தா சாலையில் கட்டி முடிக்கப்படாத மேம்பாலம் இடிந்து விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கட்டிய ஒப்பந்தக் கம்பெனியின் அதிகாரி ஒருவர் அதைக் 'கடவுளின் செயல்' என்றார். இரும்பை வெட்டியவன் மனிதன், பொருத்தியவன் மனிதன், பாரம் ஏற்றியவன் மனிதன். விழுந்தபோது மட்டும் கடவுளாம்!

குடோன்களிலும் இதே பல்லவிதான். டான்குனியிலும் ஹௌரா மாவட்டத்து நெடுஞ்சாலை ஓரங்களிலும் கிடங்குகள் பெருகிவிட்டன. கூரை முட்டும் இரும்பு ரேக். தட்டுக்குத் தட்டு டன் கணக்கில் சரக்கு. அதன் அடியில் நின்று நம்மவர்கள் மூட்டை இறக்குகிறார்கள், பெட்டி எண்ணுகிறார்கள். "இந்த ரேக் எவ்வளவு தாங்கும்?" என்று கேட்டால் வரும் பதில் என்ன? "இது கம்பெனி ரேக் இல்லையப்பா. இடத்துக்குத் தக்கபடி ஆர்டர் கொடுத்துச் செய்தது. இதற்கெல்லாம் கணக்குக் கிடையாது."

இந்தப் பதிலைத்தான் நாம் எதிர்க்கிறோம். பெரிய கம்பெனி ஆயிரக்கணக்கில் செய்து விற்கும் ரேக்குக்குச் சோதித்த அட்டவணை இருக்கும். ஆர்டர் கொடுத்துச் செய்ததோ உலகத்தில் அது ஒன்றுதான். அதில் முன்னால் யாரும் பாரம் ஏற்றிப் பார்த்ததில்லை. அப்படியானால் அதற்கல்லவா கணக்குக் கூடுதலாக வேண்டும்? ஹௌராப் பட்டறைத் தொழிலாளியின் கைத்திறனை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் வெல்டிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் எத்தனை கிலோ தாங்கும் என்று அது சொல்லாது. பொறியாளரின் கணக்கே சொல்லும்.

தோழர்களே, ஒன்றைப் புரிந்துகொள்வோம். ரேக்கின் தூண் மெல்லியது. அதை நிமிர்த்தி நிறுத்துபவை குறுக்குப் பீம்களும் சாய்வுப் பட்டைகளும்தான். பெரிய பெட்டி நுழையவில்லை என்று கீழ்ப் பீமைக் கழற்றிவிட்டால், பிடிப்பில்லாத தூணின் நீளம் இரட்டிப்பாகலாம். நீளம் இரட்டித்தால் மெல்லிய தூண் வளையாமல் தாங்கும் பாரம் ஏறக்குறைய கால் பங்காகச் சுருங்கிவிடும். சரக்கு குறைந்ததா? இல்லை! ஃபோர்க்லிஃப்ட் மோதி நெளிந்த தூணிலும் இதே ஆபத்துதான்.

ஒரு ரேக் சரிந்தால் அதோடு நிற்பதுமில்லை. 2020 அக்டோபர் 2 அன்று பிரேசில் நாட்டின் சாவோ லூயிஸ் நகரில், ஒரு மொத்த விற்பனைக் கடையின் ரேக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. ஒரு பெண் தொழிலாளி உயிரிழந்தார். எட்டுப் பேர் காயமுற்றனர்.

தடுக்க முடியாததா இது? ஐரோப்பாவின் இ.என். 15635 என்ற தர விதியைப் பாருங்கள். பன்னிரண்டு மாதத்துக்குள் ஒருமுறையாவது நிபுணர் சோதிக்க வேண்டும். ஒரு மீட்டர் நீள மட்டக்கோலைத் தூணில் வைக்க வேண்டும். பீம் ஓடும் திசையில் 5 மில்லிமீட்டருக்கு மேல் நெளிந்திருந்தால் பழுது. இரு மடங்கைத் தாண்டினால் உடனே சரக்கை இறக்கிவிட வேண்டும். ஒரு மட்டக்கோலும் ஓர் ஆளும் போதும். இந்தச் செலவுமா முதலாளிக்குக் கட்டுப்படியாகாது?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

1. ஒவ்வொரு ரேக்கிலும் தட்டுக்கு எத்தனை கிலோ, மொத்தம் எத்தனை கிலோ என்று வங்காளியிலும் இந்தியிலும் தமிழிலும் எழுதிய பலகை வேண்டும்.
2. பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடமும் கணக்கும் வேண்டும். தரை தாங்குமா என்பதும் அதில் அடங்க வேண்டும்.
3. அடித்தட்டு தரையோடு போல்ட் போடப்பட வேண்டும். பீம் எகிறாமலிருக்க லாக் பின் வேண்டும். ஓரத் தூணுக்கு மோதல் தடுப்பு வேண்டும்.
4. மறுகணக்குப் போடாமல் யாரும் பீமை மாற்றக் கூடாது.
5. நெளிந்த தூணைக் கண்டு சொல்பவருக்குத் தண்டனை கூடாது.

"கேட்டால் வேலை போய்விடுமே" என்கிறீர்களா? தனியாகக் கேட்டால் போகலாம். அதனால்தான் சேர்ந்து கேட்கச் சொல்கிறோம். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆபத்தில்லாத பணியிடம் தருவதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. பாதுகாப்புத் தகவலைக் கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. உயிராபத்து என்று அஞ்சினால் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம். சட்டம் தானாக நடந்து குடோனுக்குள் வராது. நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

தாய்மார்களே! இன்றிரவு வேலை முடிந்து வரும் மகனிடம், கணவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் ரேக்கில் எடை எழுதிய பலகை இருக்கிறதா?" இல்லை என்று சொன்னால், குடோனின் பெயரையும் இடத்தையும் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். மனு எழுதும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கையெழுத்துப் போட நீங்கள் எல்லோரும் வாருங்கள்.