பருந்தின் கண்ணும் பூட்டாத கதவும்

ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் பல நூறு கோடி ரூபாய் செலவில் காவல்துறைக்கென ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையம் எழுப்பப்பட்டது. 2022 ஆகஸ்டில் அதைத் திறந்தபோது ஆட்சியாளர்கள் பேசிய பெருமைக்கு அளவில்லை. இரண்டு ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை. தெலங்கானா காவல்துறையின் ‘ஹாக் ஐ’ செயலியில் குடிமக்கள் தந்திருந்த விவரங்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. கேட்கப்பட்ட விலை வெறும் 150 டாலர்.

‘ஹாக் ஐ’ என்றால் பருந்தின் கண். அதனிடம் தம்மை ஒப்படைத்தவர்கள் யார்? ஆபத்து நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் உதவி வரும் என்று நம்பிய பெண்கள். இரவுப் பணி முடிந்து ஆட்டோவிலோ வாடகைக் காரிலோ ஏறும்போது வண்டியின் விவரத்தைப் பதிந்துவைத்தவர்கள். அக்கம்பக்கத்தில் நடந்த குற்றத்தைத் தெரிவித்தவர்கள். பலவீனமான, அல்லது ஏற்கெனவே கசிந்துபோன கடவுச்சொல்லே ஊடுருவலுக்குக் காரணமாகலாம் என்பது காவல்துறையின் முதற்கட்டக் கூற்று. பருந்துக்குக் கண் இருந்தது. கூட்டுக்குத்தான் பூட்டு இல்லை!

காவலர்கள் பயன்படுத்தும் ‘டிஎஸ்காப்’ செயலியும் தப்பவில்லை. முக அடையாளம் காணும் கருவி இணைக்கப்பட்ட செயலி அது. 2021இல் ஹைதராபாத் வீதியில் தன்னை நிறுத்தி, இசைவின்றிப் படமெடுத்ததைக் கண்டு வெகுண்ட சமூகச் செயற்பாட்டாளர் எஸ்.க்யூ. மசூத், இத்தொழில்நுட்பத்தை எதிர்த்து உயர்நீதிமன்றம் சென்றார். எந்தச் சட்டத்தின் பேரில் எம் முகங்களைச் சேகரிக்கிறீர்கள் என்பது அவ்வழக்கின் சாரம். சேகரித்ததைக் காக்கும் வக்காவது உண்டா என்ற கேள்வியையும் 2024 ஜூன் அதனுடன் சேர்த்துவிட்டது.

அரசு என்ன செய்தது? இருபது வயது மாணவர் ஒருவரைக் கைது செய்தது. தன் திறமையைத் தானே பாராட்டிக்கொண்டது. உணர்வு நுட்பமான தகவலோ நிதித் தகவலோ பறிபோகவில்லை என்றது. வங்கிக் கணக்கு எண்தான் காக்கத்தக்கது. அபயம் கேட்ட பெண்ணின் பெயரும் எண்ணும் முகவரியும் அவ்வளவு பெரிதல்ல என்பதுதானே இதன் பொருள்? திருடியவர் தண்டிக்கப்படட்டும், மறுப்பில்லை. திறந்துபோட்டவர் யார் என்பதை மட்டும் ஏன் யாரும் கேட்கவில்லை?

கேட்கவிடாமல் செய்யும் ஏற்பாடுகள் சட்டத்திலேயே உள்ளன. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைத் திரட்டுபவருக்கு ஆங்கிலத்தில் சூட்டும் பெயரைத் தமிழாக்கினால் ‘நம்பிக்கைப் பொறுப்பாளர்’ என்று வரும். மொழிபெயர்ப்பில் காலம் கழித்தவன் சொல்கிறேன்: இத்தனை பொருத்தமற்ற சொல்லை நான் அதிகம் கண்டதில்லை. பொது ஒழுங்கு, நாட்டின் பாதுகாப்பு எனக் காரணம் காட்டி எந்த அரசு அமைப்பையும் இச்சட்டத்திலிருந்து ஒன்றிய அரசு விலக்கிவிடலாம் என்கிறது 17ஆம் பிரிவு. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதமாம். அந்தப் பணம் சேருமிடம் இந்தியத் தொகுப்பு நிதி. பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. அலட்சியத்தால் தரவை இழந்த நிறுவனத்திடம் இழப்பீடு கோர வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43அ பிரிவையும் இச்சட்டம் நீக்குகிறது. அற்பமான புகார் என்று முடிவாகிவிட்டாலோ, புகார் தந்த குடிமகனுக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம்!

ஹைதராபாதுக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 2019இல் மாதாப்பூரின் ஐடி கிரிட்ஸ் நிறுவனத்திடம் ஆந்திரா, தெலங்கானா மக்கள் 7.8 கோடிப் பேரின் ஆதார் விவரங்கள் இருப்பதாக ஆதார் ஆணையமே புகார் அளித்தது. ஆளும் கட்சிக்குத் தேர்தல் செயலி செய்துகொடுத்த நிறுவனம் அது. அன்று ஆந்திராவை ஆண்டது தெலுங்கு தேசம். பின்னர் வந்த ஆட்சிகளும் பாடம் கற்கவில்லை.

காவல்துறைச் செயலிகள் அனைத்தையும் சுயேச்சையான வல்லுநர் குழு தணிக்கை செய்து, அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். விவரம் பறிபோன ஒவ்வொருவருக்கும் எது பறிபோனது என்று எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். 43அ பிரிவு நிலைக்க வேண்டும். முக அடையாளக் கருவியின் பயன்பாடு, மசூத் வழக்கில் தீர்ப்பு வரும்வரை, நிறுத்திவைக்கப்பட வேண்டும்.