நானோ ஃபில்டர் எல்லாவற்றையும் வடிகட்டுமா?

“போர்வெல்லில் இருந்து இருபதடி தள்ளித்தான் பல வருடமாக பூச்சிமருந்து கலக்குகிறோம், ஸ்பிரேயரும் அங்கேதான் கழுவுகிறோம். மகள் பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிறாள். ‘நானோ ஃபில்டர் மாட்டினால் எந்த விஷமும் போய்விடும்’ என்கிறார் விற்பனைக்கு வந்தவர். வாங்கலாமா?”
- வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

நானோ என்பது பொய்யான சமாசாரம் அல்ல. ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். ஒரு சென்டிமீட்டர் கட்டி ஒன்றை 10 நானோமீட்டர் துண்டுகளாக நறுக்கினால், எல்லாத் துண்டுகளின் மேற்பரப்பும் சேர்ந்து 600 சதுர மீட்டர் வரும். அதாவது, சுமார் 15 சென்ட் நிலம்! அவ்வளவு பரப்பிலும் நஞ்சு ஒட்டிக்கொள்ள இடம் இருப்பதால்தான் கொஞ்சம் பொருளே நிறைய வேலை செய்கிறது.

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப் குழுவினர், எண்டோசல்ஃபான், குளோர்பைரிஃபாஸ், மாலத்தியான் போன்ற மருந்துகளை நானோ வெள்ளியால் நீரிலிருந்து நீக்கிக் காட்டினார்கள். அது 2007-ல் வீட்டு ஃபில்டராகவே விற்பனைக்கு வந்தது. நஞ்சைக் கண்டுபிடிக்கவும் இது உதவும். நானோ தங்கம் கலந்த நீர் சிவப்பாக இருக்கும். எண்டோசல்ஃபான் பட்டால் நீலமாக மாறும். ஆர்சனிக் மிகுந்த மேற்கு வங்கக் கிராமங்களுக்கு அதே குழு, ‘அம்ரித்’ என்ற பெயரில் இரும்பு நானோ பொருளைக் கொடுத்தது. அதைத் தாங்கிப் பிடிப்பது இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான்.

ஆனால், கவனித்துப் பாருங்கள். பூச்சிமருந்துக்கு வெள்ளி, ஆர்சனிக்குக்கு இரும்பு. ஒரு நஞ்சுக்கு ஒரு பொருள் என்றுதான் கணக்கு. ‘எல்லாம் போய்விடும்’ என்பவரிடம், எந்த நஞ்சு, எத்தனை லிட்டர் வரை, எந்த ஆய்வகச் சான்று என்று கேளுங்கள். சத்து தீர்ந்த ஃபில்டரிலும் தண்ணீர் தெளிவாகத்தான் வரும். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது.

உங்கள் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது நைட்ரேட். யூரியாவும் சாணக்குழியும் கொண்டுவந்து சேர்ப்பது அது. லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால், அந்த நீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். மேலே சொன்ன வெள்ளியோ இரும்போ நைட்ரேட்டைப் பிடிக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது; நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். அதை நீக்க ஆர்.ஓ. வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை என்றால் இந்தப் பயம் இல்லை.

எனவே, ஃபில்டருக்கு முன்பணம் கொடுக்குமுன் தண்ணீரைப் பரிசோதியுங்கள். மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் நைட்ரேட், ஃபுளோரைடு, உப்பு எல்லாம் பார்ப்பார்கள். பூச்சிமருந்து எச்சத்துக்குத் தனி ஆய்வகம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் விசாரிக்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரில் கேனை மூன்று முறை அலசிப் பிடியுங்கள். மருந்து எச்சம் பார்க்க பிளாஸ்டிக் ஆகாது, கண்ணாடி பாட்டில்தான். முடிவு வரும்வரை குழந்தைக்குப் பரிசோதித்த ஊராட்சிக் குடிநீரைக் கொடுங்கள். ஸ்பிரேயர் கழுவும் இடத்தை இன்றைக்கே போர்வெல்லை விட்டுத் தூரமாக மாற்றுங்கள். அதற்குக் காசு ஆகாது.