காவக்காரனே கன்னம் வச்சா?

பொங்கலுக்கு ஆமத்தூர் போனப்ப சித்தப்பா பிடிச்சுக்கிட்டார். "கம்ப்யூட்டர் ஆமையாட்டம் போகுதுடா. இஞ்சினியருக்குத்தானே படிச்சே, என்னன்னு பாரு!"

பார்த்தா, ஓசி ஆண்டிவைரஸ் போட்டப்ப கூடவே ரெண்டு நீட்சி குரோமில் வந்து குந்திருக்கு. தேடுபொறியும் மாறிப்போச்சு. "நான் எதையும் கேக்கலியேப்பா"ங்கிறார். கேக்கலதான். ஏற்கனவே டிக் அடிச்சிருந்த பெட்டியைக் கவனிக்காம 'நெக்ஸ்ட்' அமுக்கியிருக்கார், அம்புட்டுதான்.

இது வெறும் எரிச்சல் இல்லீங்க. அவரோட பேங்க், பட்டாசுக் கடை ஜிஎஸ்டி எல்லாம் அதே உலாவியில்தான்.

ஏவிஜி இப்படித் தள்ளிவிட்ட 'வெப் டியூன்அப்' நீட்சியில் பெரிய ஓட்டை இருக்குன்னு 2015-ல் கூகுள் ஆய்வாளர் ஒருத்தர் கண்டுபிடிச்சார். அதை வச்சிருந்தவங்க சுமார் 90 லட்சம் பேர். அவாஸ்ட் இன்னும் மோசம். நீட்சி, ஆண்டிவைரஸ் வழியா திரட்டின உலாவல் விவரத்தை ஜம்ப்ஷாட்ங்கிற தன் கிளை நிறுவனம் மூலமா 2014-லேர்ந்து 2020 வரை வித்துச்சு. 2024-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1.65 கோடி டாலர் கட்டச் சொல்லிச்சு.

கழட்டற வழி: முதல்ல கண்ட்ரோல் பேனல்ல அந்த டூல்பாரைத் தேடித் தூக்குங்க, இல்லாட்டி திரும்ப முளைக்கும். அப்புறம் குரோம்ல மூணு புள்ளி, எக்ஸ்டென்ஷன்ஸ், 'ரிமூவ்'. கடைசியா செட்டிங்ஸ்ல தேடுபொறியை மாத்துங்க.

என் கட்சி ஒண்ணுதான். காலியா இருக்கிற பெட்டிதான் சம்மதம் கேக்குது. டிக் அடிச்சு வச்ச பெட்டி ஏமாத்துது. நீங்க என்ன சொல்றீங்க மக்கா?

டிஸ்கி: விண்டோஸ் 10, 11-ல் டிஃபெண்டர் கூடவே வருது. சித்தப்பாவுக்கு அதுவே போதும்னு விட்டுட்டு வந்துட்டேன்.