மீதி உடல் எங்கே?

கையளவே உள்ள ஒரு பொம்மை மகிழுந்து. அதன் கதவுகளை விரித்து, முன்பகுதியை மடக்கி, சக்கரங்களைப் பின்னே தள்ளினால் அது ஓர் எந்திர மனிதனாக எழுந்து நிற்கிறது. உருமாறும் எந்திரப் பொம்மைகள் எனப்படும் இவற்றைப் பல நாட்டுச் சிறுவர்களும் விரும்பி விளையாடுகின்றனர். இப்பொம்மைகளைச் சுற்றி எழுந்த கதைகளில் ஒரு புதிர் உண்டு. மாடி வீட்டின் உயரத்துக்கு நிற்கும் எந்திர மனிதன் ஒருவன், ஒரே நொடியில் கைத்துப்பாக்கியின் அளவுக்குச் சிறுத்துவிடுகிறான். அப்படியானால் அவனுடைய மீதி உடல் எங்கே போயிற்று?

இவ்வினாவைக் கேட்கும் பிள்ளையிடம், “பொம்மைதானே, விட்டுவிடு” என்று கூறும் பெரியவர்கள் பலர். அவ்வாறு கூறுதல் தகாது என்பது என் கருத்து. இது விடை தேடத்தக்க வினா. விடை தேடப் புகுந்தால் ஒரு வரலாறும் ஓர் அறிவியல் விதியும் நமக்குக் கிடைக்கின்றன.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். 1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ‘டிரான்ஸ்பார்மர்ஸ்’ என்னும் பெயரில் இப்பொம்மைகளை விற்கத் தொடங்கியது. தொடக்கத்தில் வந்தவற்றுள் பெரும்பாலானவை ஜப்பானின் டகாரா நிறுவனம் முன்னரே உருவாக்கியவை. அவை இருவேறு வரிசைகளைச் சேர்ந்தவை. ‘டயாகுளோன்’ என்னும் வரிசையில் எந்திர மனிதர்கள் மிகப் பெரியவர்கள். அவர்களை உள்ளிருந்து இயக்குவதற்கென ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதப் பொம்மைகளும் இருந்தன. ‘மைக்ரோ சேஞ்ச்’ என்னும் மற்றொரு வரிசையிலோ எந்திர மனிதர்கள் உண்மையிலேயே மிகச் சிறியவர்கள். வீட்டிலுள்ள ஒலிநாடாப் பெட்டி, நுண்ணோக்கி, விளையாட்டுக் கார் போன்ற பொருள்களாக உருமாறி அவர்கள் மறைந்திருப்பதாகக் கதை.

இவ்விரு வரிசைகளும் தனித்தனியே இருந்தவரை குழப்பம் ஏதும் இல்லை. பெரியது பெரியதாகவே இருந்தது. சிறியது சிறியதாகவே இருந்தது. இரண்டையும் ஒரே கதைக்குள் சேர்த்தபோதுதான் புதிர் பிறந்தது. லாரியாக மாறும் ஆப்டிமஸ் பிரைம் முதல் வரிசையிலிருந்து வந்தவன். துப்பாக்கியாக மாறும் மெகாட்ரான் இரண்டாம் வரிசையிலிருந்து வந்தவன். தொலைக்காட்சிப் படத்தில் இருவரும் சம உயரத்தில் நின்று போரிட்டனர். ஆனால், மெகாட்ரான் உருமாறியதும் தன் தோழனின் கைக்குள் அடங்கும் துப்பாக்கியாகச் சுருங்கினான். சவுண்ட்வேவ் என்பவன் மனிதர் தூக்கிச் செல்லும் ஒலிநாடாப் பெட்டியானான்.

இனி அறிவியலுக்கு வருவோம். ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவையே நிறை என்கிறோம். மூடிய கலத்துக்குள் பொருள்கள் எவ்வாறு மாறினாலும் அவற்றின் மொத்த நிறை மாறுவதில்லை என்பதை, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் லவாசியே நுட்பமாக நிறுத்துக் காட்டினார். இதுவே நிறை மாறா விதி. பல டன் எடையுள்ள எந்திர மனிதன் துப்பாக்கியாகச் சுருங்கினால், அத்துப்பாக்கியின் எடையும் பல டன்னாகவே இருக்க வேண்டும். அதை ஏந்தும் கை தாங்காது. வைக்கும் தரையும் தாங்காது. எடை குறைந்துவிட்டது என்றால், குறைந்த பொருள் வேறெங்கோ இருக்க வேண்டும். கதை இரண்டையும் சொல்வதில்லை.

உருவம் வேறு, எடை வேறு என்னும் வேறுபாடு நம் மரபுக்குப் புதியதன்று. சித்தர்களுக்கு உரியனவாகச் சொல்லப்படும் எட்டுச் சித்திகளுள், அணுவைப்போல் சிறுத்தலை அணிமா என்றும், மலையைப்போல் பெருத்தலை மகிமா என்றும் கூறுவர். மிகவும் கனமாதல் கரிமா; மிகவும் இலேசாதல் இலகிமா. இவை அறிவியல் உண்மைகள் அல்ல. எனினும், சிறுத்தல் ஒன்று, எடை குறைதல் மற்றொன்று எனத் தனித்தனியே பெயரிட்ட தெளிவு பாராட்டத்தக்கது.

“கதைக்கு விதி எதற்கு? கற்பனை கெட்டுவிடாதா?” என்று சிலர் கேட்கலாம். விதியால் கற்பனை கெடுவதில்லை, கூர்மை பெறுகிறது. 2007ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்தை உருவாக்கியவர்கள், உருமாறும்போது உடல் சிறுக்கவோ பெருக்கவோ கூடாது எனத் தமக்குத் தாமே ஒரு வரையறை வகுத்துக்கொண்டனர். ஆகவே ஆப்டிமஸ் பிரைமுக்குத் தட்டையான முகப்புள்ள பழைய லாரிக்கு மாறாக, நீண்ட முகப்புள்ள பெரிய லாரியைத் தேர்ந்தெடுத்தனர். உயரமான உடலுக்கு வேண்டிய பொருள் லாரியிலேயே இருக்க வேண்டும் அல்லவா? மெகாட்ரானும் அப்படத்தில் துப்பாக்கியாக மாறவில்லை. பறக்கும் ஊர்தியாக மாறினான். பழைய கதையைச் சுவைப்பது தவறு என்று நான் கூறவில்லை. அது எந்த விதியை மீறுகிறது என்று அறிந்து சுவைப்பதே மேலானது.

கதை விதியை மீறினாலும், கையிலுள்ள பொம்மை ஒருபோதும் மீறுவதில்லை. மகிழுந்தைவிட எந்திர மனிதன் உயரமாகத் தோன்றுவது உண்மைதான். மடக்கிய குடையை விரித்தால் அது பெரிதாகிறது. ஆயினும் துணி கூடுவதில்லை. பொம்மையும் அத்தகையதே. உள்ளே வெற்றிடம் விட்டு, கீல்களை அமைத்து, கைகால்களை மடித்து ஒளித்துவைத்தவரின் திறமையே நம்மை வியக்கச் செய்கிறது. ஐயம் இருப்பின், பொம்மையைச் சமையலறைத் தராசில் இருவடிவிலும் நிறுத்துப் பாருங்கள், எடை மாறாது. மின்கலம் இல்லாத பொம்மையானால், விளிம்புவரை நீர் நிரம்பிய கலத்தில் காற்றுக்குமிழி தங்காமல் அமிழ்த்துங்கள். இருவடிவிலும் வழிந்தோடும் நீரின் அளவு ஒன்றாகவே இருக்கும்.

மாணவர்களே! விளையாட்டில் எழும் வினாவைச் சிறிது என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். “மீதி எங்கே?” என்று பொம்மையிடம் கேட்கப் பழகியவர், கடைக்காரர் தரும் கணக்கிலும் விளம்பரம் தரும் வாக்குறுதியிலும் அதே வினாவைக் கேட்பார். அவரை ஏமாற்றுதல் எளிதன்று. பெரியோர்க்கும் ஒன்று கூறுவேன்: பிள்ளைகள் இவ்வாறு கேட்கும்போது விடை தெரியாவிட்டாலும் குற்றமில்லை, தராசை எடுத்துக் கொடுங்கள், அது போதும்.

சிந்தித்து எழுதுக

1. இருவேறு வரிசைப் பொம்மைகளை ஒரே கதையில் சேர்த்ததால் எழுந்த புதிர் யாது?
2. “விதியால் கற்பனை கெடுவதில்லை” என்னும் ஆசிரியர் கருத்தை நீவிர் ஏற்கிறீரா? காரணம் தருக.
3. மடக்கினால் சிறியதாகவும் விரித்தால் பெரியதாகவும் தோன்றும் பொருள்கள் மூன்றினை உம் வீட்டில் கண்டு எழுதுக.